டிக் அடிக்கத்தானா பி.காம் படித்தாள்?

கேள்வி: என் மகள் திருப்பூரில் பி.காம் இரண்டாம் ஆண்டு முடித்திருக்கிறாள். கோடை விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸுக்கு இன்டர்ன்ஷிப் போய்வந்தாள். பிளஸ் ஒன்னில் காமர்ஸ் எடுத்ததிலிருந்தே சி.ஏ. என்று சொல்லிக்கொண்டிருந்தவள், இப்போது வேண்டாம் என்கிறாள். கேட்டால், "பில்லைப் பார்த்து டிக் அடிச்சேன், ஜெராக்ஸ் எடுத்தேன், கவர் ஒட்டினேன். இதுக்கா இத்தனை வருஷம் படிக்கணும்?" என்கிறாள். சம்பளமும் தரவில்லை. எடுபிடி வேலைக்கு வைத்துக்கொண்டார்கள் என்று அவள் அப்பாவுக்குக் கோபம். சி.ஏ. சேர்ந்தால் வெளியூருக்கெல்லாம் ஆடிட்டுக்கு அனுப்புவார்கள் என்றும் சொல்கிறார்கள். அவள் மனதை மாற்றப் பார்க்கலாமா, விட்டுவிடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. அவள் சொன்ன மூன்று வேலைகளில் ஜெராக்ஸை மட்டும் விட்டுவிடுங்கள். டிக் அடிப்பதும் கவர் ஒட்டுவதும் ஆடிட் வேலையேதான். எதற்காக அதைச் செய்கிறாள் என்று அந்த ஆபீஸில் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்காரர் கோபப்படுவதென்றால் அதற்குக் கோபப்படலாம்.

அவள் போன நேரமும் ஒரு காரணம். ஏப்ரலில் ஆடிட்டர்கள் வங்கிக் கிளை ஆடிட்டில் ஓடிக்கொண்டிருப்பார்கள். மே 31-க்குள் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) நான்காம் காலாண்டு ரிட்டர்ன் போக வேண்டும். மாதாமாதம் 11-ஆம் தேதி ஜிஎஸ்டி விற்பனை ரிட்டர்ன், 20-ஆம் தேதி வரி கட்டும் ரிட்டர்ன். அப்புறம் ஜூலை 31 வரை சம்பளக்காரர்களின் வருமான வரி. கம்பெனி ஆடிட் சூடுபிடிப்பது ஆகஸ்ட், செப்டம்பரில்தான். ஆக, கோடையில் போகும் பிள்ளைகள் பார்ப்பது பெரும்பாலும் கணக்கெழுதும் வேலையையும், ஆடிட்டுக்கு முந்தைய ஆயத்தத்தையும்தான். அதை வைத்து ஆடிட் தொழிலையே எடைபோடுவது சமையலுக்குக் காய் நறுக்கியதை மட்டும் பார்த்துவிட்டு விருந்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது மாதிரி.

சரி, அந்த டிக்குக்கு வருகிறேன். ஒரு பில்லுக்கு டிக் போடும் முன் என்னென்ன பார்த்தாள் என்று அவளிடம் கேளுங்கள். "தொகை சரியா என்று பார்த்தேன்" என்பதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் செய்திருக்கிறாள். உங்கள் ஊரிலேயே ஒரு பனியன் கம்பெனியின் சாயப்பட்டறை பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணில் மொத்தம் 15 இலக்கம். தமிழ்நாடு என்றால் 33 என்று தொடங்கும். அடுத்த பத்தும் அந்த ஆளின் பான் எண். பெங்களூருக்காரர் அனுப்பிய சரக்கின் பில் 29 என்று தொடங்கியும் அதில் வெளிமாநில விற்பனைக்கான ஐஜிஎஸ்டி போடாமல், உள்மாநில விற்பனைக்கான சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று பிரித்திருந்தால் எங்கோ தப்பு. பில் கம்பெனி பெயரில் இல்லாமல் முதலாளியின் சொந்தப் பெயரில் இருந்தால் அது யார் செலவு? ஏப்ரல் 2 தேதியிட்ட பில் மார்ச் கணக்கில் ஏன் ஏறியது? ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 9,500 ரூபாய் வீதம் இரண்டு ரொக்க வவுச்சர் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், பொதுவாக அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியாது. வவுச்சரை இரண்டாக உடைத்தாலும் சட்டம் கூட்டித்தான் பார்க்கும். இந்தக் கேள்விகள் தோன்றுகிறவருக்கு டிக் அடிக்கும் வேலை அலுக்காது. தோன்றாதவருக்கு அரை மணி நேரத்திலேயே கொட்டாவி வந்துவிடும்.

கவர் விஷயம் இன்னும் பெரியது. மார்ச் 31 அன்று கம்பெனியின் வங்கி இருப்பு எவ்வளவு என்று ஆடிட்டர் நேரடியாக வங்கிக்குக் கேட்டு எழுதுவார், பதிலும் நேராக ஆடிட்டருக்கே வர வேண்டும். இடையில் கம்பெனிக்காரர் கை படக்கூடாது. பாக்கிதாரர்களுக்கும் இப்படியே கடிதம் போகும். அவள் ஒட்டியது இந்தக் கவர்களாக இருந்திருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்க, வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அத்தனை கோடி வங்கியில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உள்ள முதல் வழி அந்தக் கவர்தான். கடிதத்தை யார் தபாலில் போடுகிறார்கள், பதில் எந்த முகவரிக்கு வருகிறது என்பதெல்லாம் குமாஸ்தா வேலை மாதிரி தெரியும். மோசடிக்காரர்கள் நுழையும் இடமும் அதுதான்.

எக்செல் வேலை ஏதாவது கொடுத்தார்களா என்றும் கேட்டுப் பாருங்கள். ஜிஎஸ்டி தளத்தில் மாதந்தோறும் 14-ஆம் தேதி 2பி என்று ஒரு பட்டியல் வரும். சப்ளையர்கள் காட்டிய பில்களின்படி இந்தக் கம்பெனிக்கு எவ்வளவு வரி வரவு என்று அதில் இருக்கும். அதையும் டாலி என்ற கணக்கு மென்பொருளில் ஏற்றிய கொள்முதலையும் ஒப்பிடும் வேலை பெரும்பாலும் இன்டர்ன் தலையில்தான் விழும். இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்க்க எக்செலில் வி-லுக்கப் ஃபார்முலா போட்டால் பாதி பில் பொருந்தாது. சப்ளையர் 0023 என்று காட்டியிருப்பார், இங்கே வெறும் 23 என்று ஏற்றியிருப்பார்கள். அதையெல்லாம் சரிசெய்து முடித்தபின், உண்மையிலேயே சப்ளையர் காட்டாமல் விட்ட பில் ஏழெட்டு மிஞ்சும். முதலாளி போனைப் போட்டுச் சத்தம் போட வேண்டியது அந்த ஏழெட்டு பேரிடம். இந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்ததா என்பது சி.ஏ. பற்றி முடிவெடுக்க உதவும்.

அவளை உட்காரவைத்து அறிவுரை சொல்லாதீர்கள், அம்மா. "நீ பார்த்த ஒரு கம்பெனி கணக்கில் உனக்குச் சந்தேகம் வந்த விஷயம் ஒன்று சொல்லு" என்று மட்டும் கேளுங்கள். பெயர் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கண்ணில் பொறி தெரிந்தால் அவளுக்கு அந்த ஆபீஸ்தான் பிடிக்கவில்லை, தொழில் பிடிக்கும். ஒன்றுமே சொல்ல வரவில்லை என்றால் அவள் சொல்வதை நம்புங்கள். சி.ஏ. கட்டாயப்படுத்திப் படிக்கவைக்கிற படிப்பில்லை.

கால அளவையும் தெரிந்துகொள்ளுங்கள். பி.காமில் 55 சதவீதம் இருந்தால் சி.ஏ.வின் முதல் கட்டமான ஃபவுண்டேஷன் எழுதாமல் நேராக இரண்டாம் கட்டமான இன்டர்மீடியட்டில் சேரலாம். எட்டு மாதம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். 2023-இல் வந்த புதிய திட்டத்தில் ஆர்டிகிள்ஷிப், அதாவது ஆடிட்டரிடம் செய்யும் கட்டாயப் பயிற்சி, மூன்று ஆண்டிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது, ஆனால் இன்டர்மீடியட்டின் இரண்டு குரூப்பும் தேறிய பிறகே அதில் சேர முடியும். அது முடிந்து ஆறு மாதம் படித்து ஃபைனல். எல்லாம் முதல் தடவையே தேறினாலும் டிகிரிக்குப் பின் மூன்றரை ஆண்டு போல ஆகும். பலருக்கு இன்னும் இழுக்கும். இந்தக் கோடை இன்டர்ன்ஷிப் நாள்கள் ஆர்டிகிள்ஷிப்பில் சேராது. சிலர் சேரும் என்று சொல்லி ஆள் பிடிக்கிறார்கள், நம்பாதீர்கள்.

டிக் அடிப்பது பிடிக்காமல், ஒரு டி-ஷர்ட்டுக்கு நூல் எவ்வளவு, நிட்டிங் எவ்வளவு, தையல் கூலி எவ்வளவு என்று கணக்குப் போடுவது பிடிக்கும் என்றால் சி.எம்.ஏ. என்ற உற்பத்திச் செலவுக் கணக்குப் படிப்பு பொருத்தமானது. திருப்பூரில் இருந்துகொண்டு அதைப் பலர் யோசிப்பதே இல்லை, எனக்கு இது வருத்தம்தான்.

சம்பளம் விஷயத்தில் சண்டை வேண்டாம். கோடை இன்டர்னுக்குச் சின்ன ஆபீஸ்களில் பெரும்பாலும் பஸ் காசுதான், அதுவும் சில இடங்களில்தான். ஆனால் சர்டிஃபிகேட்டுக்கு அவர்கள் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று, அவசரமானது. கல்லூரிக்கு இன்டர்ன்ஷிப் ரிப்போர்ட் கொடுக்க வேண்டியிருக்கும். கிளையன்ட்டின் பேலன்ஸ் ஷீட்டை அப்படியே ஒட்டிவிடுகிற பிள்ளைகள் உண்டு. அவள் போனில் பில் படம் ஏதாவது இருந்தால் இன்றே அழிக்கச் சொல்லுங்கள். கிளையன்ட் அனுமதியில்லாமல் விவரம் வெளியே போனால் அந்த ஆடிட்டர் மீதே ஒழுங்கு நடவடிக்கை வரலாம். ரிப்போர்ட்டில் 'ஒரு பின்னலாடை நிறுவனம்' என்று எழுதினால் போதும், தொகைகளையும் மாற்றிவிடலாம். நீங்களும் பக்கத்து வீட்டில், "அந்தக் கம்பெனி நஷ்டத்தில் ஓடுதாம்" என்று பேசிவிடாதீர்கள். உங்கள் ஊரில் அது சாயங்காலத்துக்குள் முதலாளி காதுக்குப் போய்விடும்.

வெளியூர் ஆடிட் இருக்கும், மறைப்பதற்கில்லை. வங்கிக் கிளை ஆடிட், குடோனில் ஸ்டாக் எண்ணுவது என்று அனுப்புவார்கள். எல்லா ஆபீஸும் ஒரே மாதிரி இல்லை. ஆர்டிகிள்ஷிப்புக்குச் சேரும் முன்பே நேராகக் கேட்கலாம்: மாதத்தில் எத்தனை நாள் வெளியூர், தங்க ஏற்பாடு யார் செய்கிறார்கள், கூட இன்னொரு பெண் வருவாரா, இரவு தாமதமானால் வண்டி உண்டா. இதைக் கேட்பதால் யாரும் இடம் மறுக்கமாட்டார்கள், மறுத்தால் அந்த ஆபீஸ் வேண்டாம். அதே ஆபீஸில் இப்போது ஆர்டிகிள்ஸில் இருக்கும் ஒரு பெண்ணிடம் உங்கள் மகள் தனியாகப் பேசிவிட்டு வரட்டும். ஆடிட்டர் உங்களிடம் சொல்லாததை அந்தப் பெண் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள்.