மேசையில் ஆடும் ரோல்பிளேயிங் விளையாட்டுக்கு நல்ல கேம் மாஸ்டரின் இலக்கணம் என்ன?

விதிப்புத்தகம் முழுவதையும் மனப்பாடம் செய்தவரே நல்ல கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) என்று பலர் எண்ணுகிறார்கள். என் கணிப்பில், ஆட்டக்காரர்கள் சொல்வதைக் கூர்ந்து கேட்பவரே அந்தப் பொறுப்புக்கு உரியவர். 1974-இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் தொடங்கி இவ்வகை விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில், கேம் மாஸ்டர் சூழலை விவரிக்க, ஆட்டக்காரர்கள் தம் பாத்திரங்களின் செயலைச் சொல்ல, விளைவு ஐயத்துக்குரியதாக இருக்கும்போது பகடை உருட்டப்படுகிறது.

எப்போது உருட்டச் சொல்வது என்பதில்தான் திறமை வெளிப்படுகிறது. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு முகத்துக்கும் 5 விழுக்காடு வாய்ப்பு என்பதால், வெற்றிக்கு 15 தேவை என்றால், பாத்திரத்தின் திறமைக்கான கூட்டல் எதுவுமின்றி 15 அல்லது அதற்கு மேல் விழ 30 விழுக்காடே வாய்ப்புண்டு. எடுத்துக்காட்டாக, கொலை மர்மக் கதை ஒன்றில் துப்பாக அமையும் கொலையாளியின் கடிதம் அந்த ஓர் உருட்டலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால், பத்தில் ஏழு முறை கதை அங்கேயே நின்றுவிடும். ஆகவே கடிதத்தைத் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அதை எடுக்கும்போது காவலர்கள் விழித்துக்கொள்கிறார்களா என்பதைப் பகடையிடம் விடுவதே சரி.

முன்னேற்பாடும் இப்படித்தான்: முடிவை எழுதி வைக்காமல், யாருக்கு என்ன வேண்டும், யாரும் தடுக்காவிட்டால் என்ன நடக்கும் என்று மட்டும் குறித்துக்கொண்டால், ஆட்டக்காரர்கள் எதிர்பாராத வழியில் சென்றாலும் உலகம் குலையாது.

பேசத் தயங்குபவரிடம் பெயர் சொல்லி, "உங்கள் பாத்திரம் இப்போது என்ன செய்கிறது?" என்று கேட்க வேண்டும். கதையில் இடம்பெறக் கூடாத விஷயங்களை, பாத்திரங்களை உருவாக்கும் முதல் அமர்விலேயே (இதைப் பலர் தவிர்ப்பது எனக்கு வருத்தமே) அனைவரும் பேசித் தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.