நடுவழியில் இரண்டு நாள் தங்கினால் சான்றிதழ் போய்விடுமா?

கேள்வி: நானும் என் கணவரும் செப்டம்பரில் ஸ்பெயினின் லியோன் நகரிலிருந்து சான்டியாகோவுக்குக் கமினோ பாதயாத்திரை போகிறோம். இருவருக்கும் அறுபதை நெருங்கும் வயது, அவருக்கு முழங்கால் வலி வேறு. மலை ஏறுவதற்கு முன் வியாஃபிராங்கா என்ற சின்ன ஊரில் இரண்டு இரவு தங்கலாமா? நடுவில் ஒரு நாள் நடக்காவிட்டாலும் யாத்திரை முடித்ததற்கான சான்றிதழ் கிடைக்காது, எல்லா இரவுக்கும் இப்போதே பணம் கட்டிவிட வேண்டும் என்கிறார் ஏஜென்ட். (கோவை வாசகி)

பதில்: தாராளமாகத் தங்குங்கள், சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. சான்டியாகோவில் உள்ள யாத்திரிகர் அலுவலகத்தில் பார்ப்பதெல்லாம் குறைந்தது 100 கிலோமீட்டர் நடந்து வந்து சேர்ந்தீர்களா என்பதைத்தான். உங்கள் பாதையில் சாரியா என்ற ஊரிலிருந்து முழுவதும் நடந்தாலே அது தாண்டிவிடும். அங்கிருந்து நாளுக்கு இரண்டு முத்திரை வீதம் யாத்திரிகர் அட்டையில் வாங்கிக்கொள்ளுங்கள்; தேவாலயத்தில், விடுதியில், காபி குடிக்க உட்காரும் பாரில்கூடக் குத்தித் தருவார்கள். வியாஃபிராங்கா வருவது சாரியாவுக்கு வெகு முன்னால், சான்டியாகோவுக்கு இன்னும் 180 கிலோமீட்டருக்கு மேல் பாக்கி இருக்கும் இடத்தில். அங்கே இரண்டு நாள் என்ன, ஒரு வாரம் தங்கினாலும் யாரும் கேட்கப்போவதில்லை. முழங்கால் ஒத்துழைக்கவில்லையென்றால் சாரியா வரை வண்டியில் போய்விட்டு அப்புறம் நடந்தாலும் சான்றிதழ் உண்டு. அது இலவசம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் தரும் பட்டியலில் சான்றிதழ் கட்டணம் என்று ஒரு வரி இருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

ஊரையும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அங்கே வருவதற்கு முன்பே, இரும்புச் சிலுவை நிற்கும் 1,500 மீட்டர் உயரத்திலிருந்து மொலினாசேகா என்ற ஊருக்கு இறங்கியிருப்பீர்கள். கிட்டத்தட்ட 900 மீட்டர் இறக்கம், அதிலும் பெரும்பகுதி உருளும் கல்லும் பாறையும். முழங்காலைப் பதம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இறக்கம்தான், எல்லோரும் பயப்படும் ஏற்றம் அப்புறம்தான் வருகிறது.

சிக்கல் படுக்கையில் இருக்கிறது. ஊராட்சி நடத்தும் பொது அல்பெர்கேக்களில், அதாவது கூடத்தில் அடுக்குக் கட்டில் போட்ட யாத்திரிகர் விடுதிகளில், ஒருவருக்கு ஒரு இரவுதான். காலை எட்டு மணிக்கெல்லாம் பையோடு வெளியே வந்துவிட வேண்டும். அதனால் முதல் இரவு எங்கே தங்கினாலும் இரண்டாவது இரவுக்குத் தனியார் விடுதியோ பென்சியோன் எனப்படும் சிறு தங்குமனையில் அறையோ பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவும் அதே அறையில் இருந்துவிட்டால் இன்னும் நல்லது, குளிக்கும் தொட்டியில் காலை ஊறவைத்துக்கொண்டு கிடக்கலாம்.

ஒரு இரவு விதிக்கு ஒரு விலக்கு உண்டு: உடம்பு சரியில்லாதவர்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தெரியாமல் காய்ச்சலோடும் வீங்கிய காலோடும் அடுத்த ஊருக்கு நொண்டிக்கொண்டு போகிறவர்கள் ஏராளம். ஊரில் உள்ள சுகாதார மையத்துக்குப் போய், நடக்கக் கூடாது என்று மருத்துவர் எழுதித் தரும் சீட்டை வாங்கி, விடுதிப் பொறுப்பாளரிடம் காட்டுங்கள். வாயால் சொன்னால் சிலர் கேட்பார்கள், சிலர் கேட்க மாட்டார்கள். சீட்டு இருந்தால் பேச்சே இல்லை. மருத்துவமனை வேண்டுமென்றால் வழியில் முன்பே கடந்து வந்த போன்ஃபெராதா நகருக்குத்தான் திரும்ப வேண்டும், அவசரத்துக்கு 112. உங்கள் பயணக் காப்பீட்டு நிறுவனத்தை முதலிலேயே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள், பிறகு பில்லோடு போராட முடியாது. இந்த விலக்கு இன்று நேற்று வந்ததில்லை. வியாஃபிராங்காவுக்குள் நுழையும்போதே சான்டியாகோ என்ற பெயரிலேயே ஒரு தேவாலயம் வரும், அதன் வடக்கு வாசலுக்கு மன்னிப்பின் வாசல் என்று பெயர். இதற்கு மேல் நடக்க முடியாத நோயாளிகள் அந்த வாசல் வரை வந்தாலே சான்டியாகோ நகருக்கே போய்ச் சேர்ந்த பலன் உண்டு என்பது நெடுங்கால மரபு. அது பாவமன்னிப்புக்கு மட்டும், சான்றிதழுக்குச் செல்லாது. வாசல் திறப்பது ஜூலை 25 ஞாயிற்றுக்கிழமை வரும் புனித ஆண்டுகளில்தான், அடுத்தது 2027. அந்த ஆண்டு போவதானால் கூட்டம் பலமடங்கு இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி அந்த ஏஜென்ட் விஷயம். ஸ்பெயின் விசா விண்ணப்பத்துக்கு ஒவ்வொரு இரவும் எங்கே தங்குவீர்கள் என்று ஆதாரம் கேட்கிறார்கள். அதே நாட்டின் பொது விடுதிகளோ முன்பதிவே வாங்குவதில்லை, முதலில் வந்தவருக்கு முதல் கட்டில். நடந்து போகிற யாத்திரிகனிடம் நாள்வாரியாக அறைச் சீட்டு கேட்டால் அவன் என்ன செய்வான்? எத்தனையோ வருஷமாக லட்சக்கணக்கானோர் நடக்கும் பாதை இது, இதற்கென்று ஒரு எளிய வழி செய்ய யாருக்கும் மனம் வரவில்லை. அந்த இடைவெளியில்தான் ஏஜென்ட் கடை விரிக்கிறார். அவர் போட்டுத் தரும் திட்டம் பெரும்பாலும் திருப்பித் தராத பணத்தில் நிற்கும். ஒரு இரவு கூடுதலாகத் தங்கினால் அதற்குப் பின்னால் இருக்கும் அத்தனை அறையும் போச்சு, அந்த நஷ்டத்துக்குப் பயந்து மனிதர்கள் வீங்கிய முழங்காலோடு நடக்கிறார்கள். நீங்களே நேரடியாக, கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறைகளாக, நிஜமாகவே தங்கப்போகும் ஊர்களில் பதிவு செய்யுங்கள். வியாஃபிராங்காவுக்கு இரண்டு இரவு என்றே போடுங்கள். போலிச் சீட்டு தயாரித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

பை சுமப்பதிலும் இதே கதை. ஏஜென்ட் பெரிய தொகை சொல்வார், ஸ்பெயின் தபால் துறையே சில யூரோக்களுக்கு அடுத்த ஊருக்குக் கொண்டுபோய் வைக்கிறது. தனியார் வண்டிகளும் உண்டு. பெயரும் அடுத்த விடுதியின் முகவரியும் எழுதிய கவரில் காசை வைத்துப் பையில் கட்டிவிட்டால் காலையில் எடுத்துப்போவார்கள். ஆனால் சான்டியாகோ இருக்கும் கலீசியா மாநில அரசின் அல்பெர்கேக்களில் வண்டியில் வந்த பையை வாங்க மாட்டார்கள், அங்கே தனியார் விடுதிக்கே அனுப்புங்கள்.

மதியம் இரண்டு மணிவாக்கில் ஊர் சேர்ந்தால் கடைகள் மூடியிருக்கும், ஐந்து மணி வரை திறக்காது. ஞாயிறு என்றால் நாள் முழுக்கவே கஷ்டம். மருந்தும் பழமும் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள். பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடை மூடியிருந்தால் கதவில் ஒட்டிய தாளைப் பாருங்கள், அன்று முறைப்படி திறந்திருக்கும் கடை எது என்று இருக்கும். சைவமென்றால் சாலட் கேட்கும்போதே டூனா மீன் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், கேட்காமலே போட்டுவிடுவார்கள்.

மூன்றாம் நாள் வியாஃபிராங்காவிலிருந்து கிளம்பும்போது, ஓ செப்ரெய்ரோ என்ற மலையூருக்கான ஏற்றத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். வியாஃபிராங்கா இருப்பது 500 மீட்டரில், உச்சி 1,300 மீட்டரில், தூரம் 28 கிலோமீட்டர். பள்ளத்தாக்கோடு 20 கிலோமீட்டர் நடந்து லாஸ் எர்ரேரியாஸில் இரவு தங்குங்கள், மறுநாள் காலை மிச்சமுள்ள எட்டு கிலோமீட்டர் செங்குத்தை ஏறலாம். அங்கே சீசனில் குதிரை கிடைக்கும். சாரியாவுக்கு இன்னும் தூரம் இருப்பதால் உங்கள் கணவர் அதில் ஏறிப்போனாலும் சான்றிதழ் பாதிக்காது. முந்தைய நாளே சொல்லிவைக்க வேண்டும்.