தோலில் பெப்டைடு குறைவு என்று சீரம் விற்கிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: வயது 34. சிறு வயதிலிருந்தே முழங்கை, முழங்கால் மடிப்புகளில் எக்சிமா. சொறிந்த இடம் அடிக்கடி சீழ் பிடிக்கிறது. ஒரு வருடமாகக் கன்னங்களும் சிவந்து எரிகின்றன. இணையத்தில் சரும ஆலோசனை தரும் ஒருவர், "கிருமிகளைக் கொல்லும் பெப்டைடு உங்கள் தோலில் குறைவு. சீரம் போடுங்கள், கேட்காவிட்டால் எல்எல்-37 ஊசி" என்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஊசி நிச்சயமாக வேண்டாம்.

அவர் சொன்னதில் பாதி உண்மை இருப்பதுதான் சிக்கல். நம் தோல் செல்கள் எல்எல்-37, பீட்டா டிஃபென்சின் போன்ற சிறிய புரதத் துண்டுகளை, அதாவது பெப்டைடுகளை, சுரக்கின்றன. வியர்வையில் டெர்ம்சிடின் என்ற ஒன்று இருப்பதை 2001இல் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவின் மேலுறையைக் குலைத்துக் கொல்வது இவற்றின் முக்கிய வேலை. விற்பவர்கள் இதோடு நிறுத்திவிடுவார்கள். ஆனால் இதே பெப்டைடுகள் நோய் எதிர்ப்புச் செல்களை அங்கே வரவழைத்து அழற்சியையும் தூண்டும். திருடனைத் தானும் அடித்து, விசில் ஊதி ஊரையும் கூட்டுகிற காவல்காரன் மாதிரி.

எக்சிமாவில் ஐஎல்-4, ஐஎல்-13 என்ற அழற்சிச் சமிக்ஞைகள் இந்தச் சுரப்பை அடக்கிவிடுகின்றன. அதனால் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிக்குக் கொண்டாட்டம், உங்களுக்குச் சீழ். இதற்கு வழி, முதலில் அழற்சியைத் தணிப்பது. வெளியிலிருந்து பெப்டைடு ஊற்றுவது அல்ல. அதிகம் இருந்தால் நல்லது என்றும் நினைக்காதீர்கள். சொரியாசிஸ் தோலில் இவை ஏராளம். அங்கே கிருமித் தொற்று குறைவு, சரி. ஆனால் எல்எல்-37, இறந்த செல்களின் டிஎன்ஏவோடு ஒட்டிக்கொள்ளும்போது உடல் அதை வைரஸ் என்று எண்ணிப் போருக்குக் கிளம்புகிறது. இது 2007இல் தெரியவந்தது.

உங்கள் கன்னச் சிவப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அது ரோசேசியா என்ற, முகம் சிவந்து எரியும் நாள்பட்ட தோல் நோயாக இருக்கலாம், நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. ரோசேசியாவில் பிரச்சினையே தலைகீழ். எல்எல்-37இன் தாய்ப் புரதம் கூடுதலாக இருக்கும். அதை வெட்டும் நொதியும் கூடுதல். அதனால் தவறான துண்டுகள் உருவாகித் தோலைச் சிவக்க வைக்கும். அந்தத் துண்டுகளை எலியின் தோலில் ஊசியாகப் போட்டபோது அங்கும் அழற்சி வந்தது. அதே குடும்பத்துப் பொருளை உங்களுக்கு ஊசியாகப் போடலாம் என்கிறார் அந்த ஆலோசகர்! ஆக, மடிப்பில் சரியான மருந்து முகத்தில் தவறாகலாம். ஸ்டீராய்டு க்ரீமும் அப்படித்தான். முழங்கை எக்சிமாவுக்கு, மருத்துவர் சொன்ன நாட்களுக்குப் போட்டால் நல்ல மருந்து. ரோசேசியா முகத்தில் போட்டால் முதலில் வெளுக்கும், பிறகு முன்பைவிட மோசமாகச் சிவக்கும். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து மூன்றையும் கலந்த க்ரீமை யாராவது 'எதற்கும் இருக்கட்டும்' என்று நீட்டினால் வாங்காதீர்கள். இரண்டு நிமிடத்தில் நோயாளியை அனுப்பிவிடும் மருத்துவர்களும் இதை எழுதுகிறார்கள் என்பதுதான் எரிச்சல்.

சீரம் டப்பாவில் 'பெப்டைடு' என்று இருந்தாலும், பெரும்பாலும் அது தோல் சுருக்கத்தைக் குறைப்பதற்கான வேறு பெப்டைடு. அழகுசாதனம் என்று பெயர் வைத்துவிட்டால், மருந்துக்குக் கேட்கும் சான்றுகளை யாரும் கேட்பதில்லை. ஊசிக் குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று பொடி எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரியை ஒட்டிவிட்டு எதையும் விற்கலாம் என்ற நிலையை எத்தனை காலம்தான் வேடிக்கை பார்ப்பார்களோ. அடுத்து 'பெப்டைடு அளவு பரிசோதனை' என்று பணம் கேட்பார்கள். வழக்கமான சிகிச்சையில் அப்படி ஒரு பரிசோதனையே கிடையாது.

இப்போதைக்கு, குளித்து ஈரம் காய்வதற்குள் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள். மாலையிலும் ஒரு முறை. தோல் மருத்துவரிடம் கையையும் முகத்தையும் ஒரே முறையில் காட்டுங்கள், தனித்தனி மருந்து கேளுங்கள். காய்ச்சலோடு வலிக்கும் சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்தால் அன்றே போக வேண்டும். முகத்தில் ஏற்கெனவே ஏதாவது க்ரீம் போட்டு வந்திருந்தால் அந்த ட்யூபையும் கையோடு கொண்டு போங்கள். அது ஸ்டீராய்டு என்றால், எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று அவர் சொல்வார்.