சண்டை என்றாலே ஊமையாகிவிடும் கணவர்

கேள்வி: கல்யாணமாகி மூன்று வருடம். கணவர் நல்லவர்தான். ஆனால் ஏதாவது கேட்டால் வாயே திறக்க மாட்டார். போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுவார். சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது. இதற்கெல்லாம் கவுன்சலிங் போவார்களா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: தாராளமாகப் போகலாம். முற்றிப்போவதற்கு முன்னால் வருகிறவர்களோடு வேலை செய்வது எங்களுக்கும் சுலபம். அதற்கு முன் ஒன்று: அவர் எழுந்து போவது அலட்சியத்தால்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

அமெரிக்காவில் ஜான் காட்மேன் என்ற உளவியலாளர், தம்பதிகளின் உடம்பில் கருவிகளைப் பொருத்தி, அவர்கள் வழக்கமாகச் சண்டை போடும் விஷயத்தையே பேசச் சொன்னார். கல் மாதிரி உட்கார்ந்திருந்த பலருக்கு உள்ளே இதயம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு 100 துடிப்பைத் தாண்டிவிட்டால், எதிரில் இருப்பவர் சொல்வது காதில் சரியாக ஏறாது என்கிறார் அவர். ஒரு சோதனையில், கருவி கோளாறு என்று சாக்குச் சொல்லி, கையில் பத்திரிகையைக் கொடுத்துக் காத்திருக்க வைத்தார்கள். துடிப்பு இறங்கியபின் அதே பேச்சு நிதானமாக நடந்தது.

ஆகவே அவர் மாடிக்குப் போவதில் தப்பில்லை. சொல்லாமல் போவதுதான் தப்பு. “அரை மணி நேரம் கொடு, வந்து பேசறேன்” என்று சொல்லிவிட்டுப் போகட்டும், சொன்னபடி வரட்டும். ஆனால் அங்கே நின்று ‘எப்படிக் கேட்டுட்டா பார்’ என்று அசைபோட்டுக்கொண்டிருந்தால் படபடப்பு அடங்காது.

உங்கள் பக்கமும் ஒன்று உண்டு: ஆரம்பிக்கிற விதம். 1999-இல் வெளியான காட்மேனின் இன்னொரு ஆய்வில், 124 புதுமணத் தம்பதிகளின் வாக்குவாதத்தில் முதல் மூன்று நிமிடத்தைப் பார்த்தாலே பிற்பாடு பிரிந்தவர்களுக்கும் சேர்ந்திருந்தவர்களுக்கும் வித்தியாசம் தெரிந்தது. (விவாகரத்தை 90 சதவீதம் முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று அவர் பெயரில் உலவும் பேச்சை நான் அப்படியே நம்புவதில்லை. முடிவு தெரிந்தபின் போட்ட கணக்கு அது என்ற விமர்சனம் உண்டு.) “நீங்க எப்பவுமே இப்படித்தான்” என்று தொடங்காமல், “நேத்து ஒன்பது மணிவரைக்கும் போன் வரலை, பயந்துட்டேன்” என்று தொடங்கிப் பாருங்கள்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. எலி ஃபிங்கெல் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழு சிகாகோ பக்கம் 120 தம்பதிகளை இரண்டு வருடம் கவனித்தது. இரண்டாம் வருடத்தில் பாதிப்பேர், நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஏழு நிமிடம் எழுதினார்கள்: இருவருக்குமே நல்லது நினைக்கும் மூன்றாம் மனிதர் நம் சண்டையை எப்படிப் பார்ப்பார்? எழுதியவர்களுக்குச் சண்டை குறையவில்லை. சண்டையால் வரும் மனக்கசப்பு குறைந்தது. எழுதாதவர்களின் மணவாழ்வில் நிறைவு தொடர்ந்து சரிந்தது. இருவரும் தனித்தனியாக எழுதுங்கள், காட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இரண்டு மாதம் இப்படிப் பார்த்தும் மாடிப்படி ஓட்டம் நிற்கவில்லையா, கவுன்சலிங்குக்குக் கூப்பிடுங்கள். “உங்களைச் சரிபண்ண” என்று சொல்லிக் கூப்பிட்டால் வரமாட்டார். “எனக்குப் பேசத் தெரியலை, கூட வாங்க” என்றால் வர வாய்ப்புண்டு. அவர் கை நீட்டுகிறார் என்றால் மட்டும் இதில் எதையும் முயல வேண்டாம், பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.