சாதனையைத் துரத்தலாமா?

அன்புள்ள ஐயா,

என் மகன் பிரைமரி த்ரீ படிக்கிறான். செஸ் நன்றாக ஆடுவான். குகேஷ் செந்தோசாவில் உலக செஸ் பட்டத்தை ஜெயித்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. ‘இப்போதே ஐரோப்பாவுக்கு அழைத்துப் போய் ஆட வைத்தால் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர் என்ற உச்சப் பட்டம், மிக இளைய கிராண்ட்மாஸ்டர் என்ற சாதனைகூட முறியலாம்’ என்கிறார் கோச். கணவர் சம்பளமில்லா விடுப்பு எடுக்கத் தயார். எனக்குத்தான் பிரைமரி சிக்ஸில் வரும் பி.எஸ்.எல்.இ. தேர்வை நினைத்துப் பயம். போகலாமா?

ஒரு வாசகி, செங்காங்

அன்புள்ள சகோதரி,

பி.எஸ்.எல்.இ. பயம் நியாயமானதுதான். அமெரிக்கப் பையன் அபிமன்யு மிஸ்ரா 2021 ஜூன் 30 அன்று கிராண்ட்மாஸ்டர் ஆகி அந்தச் சாதனையைப் படைத்தபோது அவருக்கு வயது 12 வருடம் 4 மாதம் 25 நாள். நம் ஊர்ப் பிள்ளைகள் அந்த வயதைத் தொடுவது பிரைமரி சிக்ஸிலோ அதை ஒட்டிய சில மாதங்களிலோதான். இரண்டும் நேருக்கு நேர் மோதும்.

சரி, அந்தச் சாதனைக்கு வருவோம். பட்டத்துக்கு 2500 ரேட்டிங், அதாவது ஆட்டக்காரரின் பலத்தைக் காட்டும் எண், வேண்டும். அதோடு மூன்று நார்ம், அதாவது போட்டியில் காட்டும் தகுதி, வேண்டும். ஒரு நார்ம் என்றால் பெரும்பாலும் ஒன்பது ஆட்டம், 2600 ரேட்டிங்குக்கு ஈடான தரத்தில். எதிரே உட்காருபவர்களில் மூன்றில் ஒருவராவது கிராண்ட்மாஸ்டராக இருக்க வேண்டும். சிங்கப்பூரில் கிராண்ட்மாஸ்டர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், ஆகவே விமானம் ஏறத்தான் வேண்டும். மிஸ்ராவும் அந்த ஏப்ரலில் அப்பாவோடு ஹங்கேரியில் இருக்கும் புடாபெஸ்ட் போய், போட்டிமேல் போட்டியாக ஆடித்தான் பட்டத்தை வாங்கினார். திறமை இல்லாமல் இது நடக்காது. ஆனால் அப்பாவின் விடுப்பும், கையில் இருக்கும் காசும், காலண்டரும் சேர்ந்துதான் அந்த 4 மாதம் 25 நாளைத் தீர்மானிக்கின்றன.

குகேஷையே பாருங்கள். 2019 ஜனவரியில் டெல்லியில் பட்டம் வாங்கியபோது அப்போது சாதனையை வைத்திருந்த ரஷ்யாவின் கர்யாக்கினை முந்துவதை 17 நாளில் தவறவிட்டார். அந்த 17 நாளால் அவர் ஆட்டத்தில் என்ன குறைந்துபோனது? அந்தக் கர்யாக்கின் 2016-இல் உலகப் பட்டத்துக்கு ஆடித் தோற்றது, 13 வயதில் கிராண்ட்மாஸ்டரான கார்ல்சனிடம். அதற்காகச் சாதனை வெறும் விளம்பரம் என்று நான் சொல்லவில்லை. ஸ்பாஸ்கி, ஃபிஷர் இருவருமே தங்கள் காலத்தில் மிக இளைய கிராண்ட்மாஸ்டர்கள், பிறகு உலக சாம்பியன்கள். மிஸ்ராவும் 2025-இல் சாமர்கண்டில் குகேஷைத் தோற்கடித்தார்.

செந்தோசாவில் 2024 டிசம்பர் 12, 14ஆவது ஆட்டம். அப்போதைய உலக சாம்பியன் டிங் லிரென் 55ஆவது நகர்த்தலில் யானையை வைக்கக் கூடாத கட்டத்தில் வைத்தார். காய்கள் வெட்டுப்பட்டு, மிஞ்சிய சிப்பாய்களோடு ஆட்டம் குகேஷ் பக்கம் போயிற்று. டிங் தோல்வியை ஒப்புக்கொண்ட பிறகு அந்தப் பதினெட்டு வயதுப் பையன் அழுதுகொண்டே எல்லாக் காய்களையும் அதனதன் கட்டத்தில் திரும்ப அடுக்கினான். காய்மேல் அப்படி ஒரு பிரியம் உள்ளே இருக்க வேண்டும். அதை எந்தக் கோச்சும் ஊட்ட முடியாது.

உங்கள் கடிதத்தில் கோச் பேசுகிறார், கணவர் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். பையன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய ரேட்டிங்கையும் எழுதவில்லை. 2500-க்கு அவன் இன்னும் எவ்வளவு தூரம் என்று கோச்சிடம் நேராகக் கேளுங்கள். மழுப்பினால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். இங்கேயே வளரும் அஸ்வத் கௌஷிக் 2024-இல் எட்டு வயதில் ஒரு கிராண்ட்மாஸ்டரைத் தோற்கடித்தான், வாஸ்தவம். ஆனால் நம் கெவின் கோ பட்டம் வாங்கியது 2020-இல், முப்பது தாண்டி, வேலையும் பார்த்துக்கொண்டு. வயது ஏறினால் கதவை யாரும் பூட்டிவிடுவதில்லை.

டிசம்பர் விடுமுறையில் கோலாலம்பூரில் ஏதாவது ஓப்பன் போட்டிக்கு அழைத்துப் போங்கள். பஸ் செலவுதான். தோற்ற ஆட்டத்தை அன்று ராத்திரி யாரும் சொல்லாமல் தானே எடுத்துப் பார்க்கிறானா என்று கவனியுங்கள். பார்த்தால் மறுபடி எழுதுங்கள், புடாபெஸ்ட் பற்றிப் பேசுவோம். அதுவரை கணவரின் விடுப்பு மனு மேசையிலேயே இருக்கட்டும்.