அமெரிக்காவில் விளைநிலப் பாதுகாப்பு அறக்கட்டளையில் நிதித் தலைவர் வேலை: கார்ப்பரேட் கணக்குத் துறையிலிருந்து மாறலாமா?

தாராளமாக மாறலாம். ஆனால் லாப நட்டக் கணக்கு பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் பிடிபட வேண்டியது வேறொன்று: வங்கியில் கிடக்கும் பணத்தில் எது எந்த நிலத்துக்கு உரியது என்பது.

1980-ல் கலிபோர்னியாவின் மரின் கவுண்டியில் ஒன்று, அதே ஆண்டில் நாடு தழுவிய அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் என்று தொடங்கிய இந்த அமைப்புகள் பெரும்பாலும் நிலத்தை வாங்குவதில்லை. மனை பிரித்துக் கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் விவசாயியிடமிருந்து பெறுகின்றன. அந்தப் பத்திரம்தான் ஈஸ்மென்ட். நிலம் அவர் பெயரிலேயே இருக்கும், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். யார் கைக்கு மாறினாலும் கட்டுப்பாடு கூடவே போகும்.

ஒரு கணக்கு பார்ப்போம். நிலத்தின் சந்தை மதிப்பு 10 லட்சம் டாலர், கட்டுப்பாடு விழுந்தபின் 6 லட்சம் என்றால் ஈஸ்மென்ட் மதிப்பு 4 லட்சம். மத்திய வேளாண் துறையின் திட்டம் பொதுவாக அதில் பாதி வரைதான் தரும். மீதியை மாநில நிதி, நன்கொடை, விவசாயியே விட்டுக்கொடுக்கும் தொகை என்று சேர்க்க வேண்டும். மதிப்பீடு, சர்வே, வக்கீல் செலவுகளை அந்தத் திட்டம் ஏற்காது. அவற்றுக்கு முன்கூட்டியே தனிப் பணம் ஒதுக்காவிட்டால் நடப்புச் செலவுப் பணம் கரைந்துவிடும்.

வாங்கிய ஈஸ்மென்ட்டை விற்றுப் பணமாக்க முடியாது. அதனால் பல அறக்கட்டளைகள் அதைச் சொத்தாகக் காட்டாமல் அந்த ஆண்டே செலவில் எழுதிவிடுகின்றன. மானியம் டிசம்பரில் வந்து பத்திரப்பதிவு மார்ச்சில் நடந்தால் ஓர் ஆண்டு பெரும் உபரி, மறு ஆண்டு பெரும் பற்றாக்குறை! நிர்வாகக் குழு பதறும். நிலப் பரிவர்த்தனைகளைத் தனியாகவும் அலுவலக வரவு செலவைத் தனியாகவும் மாதந்தோறும் காட்டுங்கள். இதைச் சரியாகச் செய்கிற நிதித் தலைவர் கிடைப்பது அரிது.

அடுத்தது கண்காணிப்பு நிதி. கட்டுப்பாடு மீறப்படவில்லையா என்று ஒவ்வொரு நிலத்தையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது போய்ப் பார்க்க வேண்டும், என்றென்றைக்கும். ஒரு நிலத்துக்கு ஆண்டுக்கு 600 டாலர் ஆகும், வைப்பு நிதியிலிருந்து 4 சதவீதம்தான் எடுப்போம் என்றால் 15,000 டாலர் ஒதுக்கிய பிறகே கையெழுத்து. ‘பிறகு திரட்டிக்கொள்ளலாம்’ என்று விடப்படும் தொகை பெரும்பாலும் வருவதே இல்லை. நிலத்தைப் பதிவு செய்த உற்சாகம் ஓய்ந்தபின் கண்காணிப்புக்கென்று யாரும் நன்கொடை தர முன்வருவதில்லை.

கைநழுவக்கூடிய இடங்கள் சில. நிலத்தின் மேல் வங்கிக் கடன் இருந்தால், ஈஸ்மென்ட்டுக்குப் பின்னால்தான் தன் உரிமை என்று வங்கி எழுதித் தந்து அது பதிவாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கடனுக்காக நிலம் ஏலம் போகும்போது ஈஸ்மென்ட்டும் அழிந்துவிடலாம், விட்டுக்கொடுத்த தொகைக்காக விவசாயி பெறும் வரிச்சலுகையும் போய்விடும். அவருக்குத் தரும் ஒப்புகைக் கடிதத்தில் பதிலுக்கு ஏதாவது கொடுத்தோமா, இல்லையா என்பது கட்டாயம் இருக்க வேண்டும்; அந்த ஒரு வரி இல்லாததற்காக முழுச் சலுகையையும் மறுத்த தீர்ப்புகள் உண்டு. பணமல்லாத நன்கொடைக்கு அவர் வரிச்சலுகை கோரும் 8283 படிவத்தில் மதிப்பு நிரப்பப்படாமல் இருந்தால் கையெழுத்துப் போடவே கூடாது.

மத்திய அரசுப் பணத்தில் ஓர் ஆண்டில் 10 லட்சம் டாலர் செலவானால் ஒற்றைத் தணிக்கை (மத்திய நிதி பெறும் அமைப்புகளுக்கான ‘சிங்கிள் ஆடிட்’) கட்டாயம் (2024 அக்டோபருக்கு முன் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு 7.5 லட்சம்). பெரிய பத்திரங்கள் சில சேர்ந்தாலே அந்த எல்லையைத் தாண்டவைக்கும். தணிக்கைக் கட்டணத்தை பட்ஜெட்டில் சேர்த்துவிடுங்கள்.

நேர்காணலுக்கு முன் அந்த அமைப்பின் கடைசி மூன்று ஆண்டு 990 படிவங்களை (வரித்துறைக்கு ஆண்டுதோறும் தரும் அறிக்கை) வாங்கிப் படியுங்கள், அவை பொது ஆவணங்கள். அட்டவணை டி-யில் எத்தனை ஈஸ்மென்ட், கண்காணிப்புக்கு எத்தனை மணி நேரம், எவ்வளவு செலவு என்பதெல்லாம் இருக்கும். ஈஸ்மென்ட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய் மணி நேரம் அப்படியே நின்றால், காரணத்தை நேர்காணலில் நேராகவே கேளுங்கள்.