கும்பினிப் படையில் சீனா போன சேலத்துச் சிப்பாய் அங்கே எப்படி வாழ்ந்திருப்பார்?

"சேலத்தில் எங்கள் கொள்ளுப்பாட்டனாரின் தகப்பனார் கும்பினிப் படையில் சேர்ந்து 1841இல் சீனா போனதாக வீட்டில் சொல்வார்கள். அங்கே என்ன வேலை, என்ன துப்பாக்கி?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

1841 என்றால் ஆங்கிலேயர் சீனாவோடு நடத்திய முதலாம் அபினிப் போர்க் காலம். முதலில் பார்க்க வேண்டியது அதற்குக் கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, அனுப்பிய மெட்ராஸ் 37ஆம் காலாட்படையை. சிப்பாய்க்கு மாதம் 7 ரூபாய் அடிப்படைச் சம்பளம், கடல் கடந்து போனால் அதன்மேல் 'பட்டா' என்ற கூடுதல் படி. சம்பளத்தில் ஒரு பகுதியை ஊரில் இருக்கும் குடும்பத்துக்கே கொடுக்க ஏற்பாடு உண்டு. மெட்ராஸ் சிப்பாய்கள் கப்பலேற அதிகம் தயங்காததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சண்டை இல்லாத நாளில் வேலை பாரா, அதாவது காவல். இரண்டு மணி நேரம் நிற்க வேண்டும், நாலு மணி நேரம் ஓய்வு, மறுபடி இரண்டு. ஆங்காங்கை ஆங்கிலேயர் பிடித்ததே அந்த ஜனவரியில்தான். ஒழுங்கான பாளையம் எழும்பவில்லை; கூடாரமும் கொட்டகையும்தான். ஜூலையில் வந்த சூறாவளியில் அவையும் சரிந்தன. காய்ச்சலில் படுத்தவர்கள் ஏராளம்.

துப்பாக்கியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அவர் உயிர் அதில்தான் இருந்தது. சக்கிமுக்கிக் கல் வைத்த மஸ்கட், நாலு கிலோவுக்கு மேல் கனம், குழல் வாய் முக்கால் அங்குலம். குதிரையை, அதாவது கல்லைப் பிடித்திருக்கும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தி, காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். ஒரு சிட்டிகை வெடிமருந்தைக் குழலின் பக்கவாட்டில் உள்ள சின்னக் கிண்ணத்தில் போட்டு மூடியைச் சாத்த வேண்டும். மீதி மருந்து, குண்டு, காகிதம் எல்லாம் குழலுக்குள். கம்பியால் இடித்து, குதிரையை முழுக்க இழுத்துச் சுட வேண்டும். பழகிய கை நிமிடத்துக்கு மூன்று முறை சுடும்.

கோளாறெல்லாம் கிண்ணத்தில்தான். கல் மழுங்கினால் பொறி வராது. கரி அடைத்தால் கிண்ணத்து நெருப்பு துளை வழியே உள்ளே போகாது. அதைக் குத்திவிட ஊசியும் சின்ன பிரஷும் வாரில் தொங்கும். ஈரம் பட்டாலோ, ஏற்காட்டு மூட்டத்தில் நமுத்த தீக்குச்சி மாதிரிதான். நனைந்த மருந்தைக் கம்பி முனையில் திருகு மாட்டி வெளியே இழுத்து, குழலைத் துடைத்து, மறுபடி கெட்டிக்க வேண்டும். எதிரி முன்னால் நிற்கும்போது அது நடக்கிற காரியமா?

1841 மே 30 அன்று தென்சீனத்துக் கான்டன் நகருக்கு வெளியே சான்யுவான்லி என்ற ஊர்ப் பக்கம் அதுதான் நேர்ந்தது. இடிமழையில் 37இன் ஒரு கம்பெனி தனியாக மாட்டிக்கொண்டது. துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. ஈட்டியும் அரிவாளுமாகச் சூழ்ந்த ஊர்க்காரர்களை, சதுரமாக நின்று வெறும் பயனெட்டால் தடுத்தார்கள். தேடி வந்த மரைன்களிடம், அதாவது கடற்படையைச் சேர்ந்த காலாட்களிடம், இருந்தது கேப்பு வைத்துச் சுடும் புது மஸ்கட். கேப்பு என்பது தட்டினால் வெடிக்கும் மருந்தை அடைத்த சின்னச் செம்பு மூடி; அதனால் மழையிலும் வெடித்தது. அப்படித்தான் அந்தக் கம்பெனி மீண்டது. இத்தனைக்கும் சிப்பாய்களின் துணிச்சலில் ஒரு குறையும் இல்லை. பழைய சாமானைக் கொடுத்து மழைநாட்டுக்கு அனுப்பியது கும்பினியின் குற்றம்.

வீட்டில் பழைய பெட்டி இருந்தால், அந்தப் போருக்காகக் கொடுத்த, ஒரு பக்கம் விக்டோரியா தலையும் மறுபக்கம் 1842 என்ற ஆண்டும் உள்ள வெள்ளிப் பதக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். புளி போட்டோ சாம்பல் போட்டோ தேய்க்காதீர்கள், விளிம்பில் எழுத்து இருந்தால் அழிந்துவிடும். லென்ஸ் வைத்துப் படியுங்கள். படைப்பிரிவின் எண் கிடைத்தால், எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அதைச் சொல்லித் தேடலாம்.